கதிரவன் இறைக்கும் நீரின் கணக்கு



சூரிய சக்தியால் நீர் இறைப்பதன் பொருளாதாரத்தைப் பற்றித் தமிழில் பேச வேண்டுமானால், அதற்குத் தில்லியைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை என்று நான் கருதுகிறேன். வத்திராயிருப்பில் பிறந்து, கல்கத்தாவில் சி.வி. ராமனோடு ஒளிச்சிதறலை ஆராய்ந்து, பின்னர் இந்நகரத்துப் பூசா வட்டாரத்தில் எழுந்த தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக அமர்ந்து, 1961-இல் மறையும் வரை அப்பொறுப்பை ஏற்றிருந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணனின் காலத்திலேயே, வெயிலை வேலைக்குப் பழக்கும் பரிசோதனைகள் அந்த ஆய்வுக்கூடத்தில் நடைபெற்றன. அங்கே உருவான சூரிய அடுப்பு சந்தையில் நிலைக்கவில்லை. விறகும் வறட்டியும் கைக்காசு செலவில்லாமல் கிடைத்த வீட்டில், முன்பணம் கொடுத்து ஓர் அடுப்பை வாங்க எவரும் முன்வராதது இயல்பே. 1954-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கனில் விழும் ஒளியை நேரடியாக மின்சாரமாக்கிக் காட்டினார்கள். விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கே மின்சாரமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், காற்று, சூரிய சக்திகளைப் பற்றிய சர்வதேசக் கருத்தரங்கம் யுனெஸ்கோவின் முயற்சியால் இந்தப் புதுதில்லியில் கூடிற்று. பக்கத்துச் சாகிபாபாத்தில் 1974-இல் தோன்றிய சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் என்னும் அரசு நிறுவனம், 1977-இல் நாட்டின் முதல் சூரிய மின்கலத்தையும் அடுத்த ஆண்டில் முதல் தகட்டையும் செய்து முடித்தது. மரபுசாரா எரிசக்திக்கென்று 1982-இல் ஒரு துறையும், 1992-இல் தனி அமைச்சகமும் இங்கே அமைந்தன. எந்த மாநிலத்துக்கு எத்தனை சூரிய பம்பு, அதற்கு எவ்வளவு மானியம் என்பதைத் தீர்மானிக்கும் கோப்புகள் இன்றும் இந்நகரத்து மேசைகளில்தான் நகர்கின்றன. ஆகையால், திருப்பூரிலும் தஞ்சையிலும் உள்ள விவசாயியின் வரப்பில் நின்று பார்க்க வேண்டிய ஒரு கணக்கை இங்கே விரித்து வைப்பது வீண் வேலை ஆகாது.

சூரியனைக் கொண்டு நீர் இறைக்கும் எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்த வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயர், சமதளக் கண்ணாடிகள் பலவற்றை ஒரு சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, அவற்றில் பட்டுத் திரும்பும் வெயிலை ஒரு கொதிகலத்தின் மேல் குவித்து, அதில் எழுந்த நீராவியால் இரண்டரைக் குதிரைத்திறன் கொண்ட இயந்திரம் ஒன்றை ஓட்டி, அதைக்கொண்டு நீர் இறைத்துக் காட்டினார். அவருடைய நூல் 1878-இல் பம்பாயில் வெளிவந்தது. வெப்ப நாடுகளில் எரிபொருளுக்கு மாற்று சூரிய வெப்பமே என்பது அதன் தலைப்பிலேயே அடங்கிய வாதம். அன்றைய பம்பாயின் ஆலைகளும் ரயில்களும் கடல்கடந்து வந்த நிலக்கரியை எரித்துக்கொண்டிருந்தன. காடுகள் விறகுக்காக அழிந்துகொண்டிருந்தன. அவற்றைக் கண்டு கவலையுற்ற ஒருவரின் நியாயமான யோசனை அது. கருவி வேலை செய்தது; ஆனால் அதைத் தொடர்ந்து எவரும் செய்யவில்லை. 1913-இல் எகிப்தின் மாதி என்னும் ஊரில் பிராங்க் ஷூமன் என்ற அமெரிக்கர், வளைந்த கண்ணாடித் தொட்டிகளை நீளநீளமாக நிறுத்தி, நைல் நதியின் நீரை நிமிஷத்துக்கு ஆறாயிரம் காலன் வீதம் பாசனத்துக்கு ஏற்றினார். எகிப்திலும் நிலக்கரி கப்பலில் வந்து இறங்கும் சரக்கு. ஆகவே அங்கே சூரியன் போட்டியில் நிற்க முடிந்தது. மறு ஆண்டே உலக யுத்தம் மூண்டது. யுத்தத்துக்குப் பின் மலிவான எண்ணெய் வந்தது. அந்தத் தொட்டிகளோடு அந்த முயற்சியும் மறைந்தது. இவ்விரு வரலாறுகளிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது ஒன்றே: சூரிய இறைவையின் தலைவிதி சூரியனிடம் இருந்ததில்லை, அதற்கு எதிரே நிற்கும் எரிபொருளின் விலையிலும், போட்ட முதலுக்கு வட்டி எவ்வளவு என்பதிலும்தான் இருந்து வந்திருக்கிறது.

இந்தப் போட்டியைப் புரிந்துகொள்ள நம் கவலை ஏற்றத்தை நினைவுகூர்வது நல்லது. கிணற்று மேட்டில் உருளை, வடம், தோற்சால், பின்னுக்கும் முன்னுக்கும் நடக்கும் ஒரு ஜோடி எருது: இவற்றைக் கொண்டுதான் கொங்கு நாட்டுப் புன்செய்கள் நெடுங்காலம் நனைந்தன. எருது, இறைக்கும் நாளிலும் தீனி தின்னும். இறைக்காத நாளிலும் தின்னும். ஐப்பசி மழையில் கிணறு தளும்பி நிற்கும்போதும், அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும்போதும், சோளத்தட்டும் பருத்திக்கொட்டையும் அதற்கு வைத்தாக வேண்டும். அதனால்தான் நம் முன்னோர் அதனை ஏரிலும் பூட்டினர், வண்டியிலும் பூட்டினர், செக்கிலும் பூட்டினர்; சும்மா நிற்கும் எருது குடியைக் கெடுக்கும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. பின்னால் வந்த டீசல் எஞ்சினின் குணம் நேர் மாறானது. ஓடும் மணிக்கு மட்டும் குடிக்கும், நிறுத்தினால் ஒன்றும் கேட்காது. சூரியத் தகடோ, புதுமை மிக்க பொருளாயினும், செலவின் இயல்பில் மீண்டும் அந்தப் பழைய எருதாகவே இருக்கிறது. அது தின்பது வட்டி. வெயில் இலவசம் என்பது உண்மை. ஆனால் வெயிலைப் பிடிக்கும் பாத்திரத்துக்கு முதல் நாளே முழு விலையும் கொடுத்தாக வேண்டும், அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் வட்டி ஏறிக்கொண்டே போகும். நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவே என்று கூடச் சொல்லலாம். எஞ்சியவை இதன் விரிவு.

எண்களுக்கு வருவோம். ஆயிரம் லிட்டர், அதாவது ஒரு கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் உயர்த்துவதற்கு இயற்கை கேட்கும் கூலி மாறாதது. இழப்பே இல்லாத ஒரு கருவி இருக்குமானால், ஒரு யூனிட் மின்சாரம் 367 கன மீட்டர் நீரை ஒரு மீட்டர் தூக்கும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் நீர் நிற்க ஏறத்தாழ 100 கன மீட்டர் வேண்டும். 20 மீட்டர் ஆழத்திலிருந்து அதைக் கொண்டுவர ஐந்தரை யூனிட் போதும். நம் வயல்களில் ஓடும் மோட்டாரும் பம்பும் பாதிக்கு மேல் விழுங்கிவிடுவதால் நடைமுறையில் பதின்மூன்று யூனிட் ஆகிறது. நீர் இன்னும் ஆழத்துக்குப் போகப் போக இந்த எண்ணும் அதே விகிதத்தில் பெருகும். கோயம்புத்தூர்ப் பக்கம் ஆயிரம் அடிக்குத் துளையிட்டுத் தண்ணீர் தேடுகிறவரின் நிலைமை என்ன என்பதை நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய வெப்பம் ஏறத்தாழ பத்து யூனிட்டுக்குச் சமம். கிராமத்துச் சிறிய எஞ்சின் அதில் கால் பங்கைச் சுழலும் சக்தியாக்கினால் அதுவே பெரிது. டீசல் லிட்டருக்கு 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் தண்டில் கிடைக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 35 ரூபாய் ஆகிறது. டீசல் விலையைச் சர்க்கார் கட்டுப்படுத்திவந்த காலத்தில் இந்தக் கணக்கு இவ்வளவு கொடுமையாக இல்லை. 2013 ஜனவரி முதல் மாதந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்தி, 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டை முற்றிலும் நீக்கிய பிறகே சூரிய பம்புக்கு உண்மையான வாய்ப்புப் பிறந்தது. 2014 வரை இந்த நாடு முழுவதிலும் நிறுவப்பட்ட சூரிய பம்புகள் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டவில்லை என்பதையும், அதற்குப் பின் அவை லட்சக்கணக்கில் பெருகின என்பதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தகட்டின் விலை அதே காலத்தில் விழுந்ததும் மற்றொரு காரணம். 2010-ஆம் ஆண்டின் இறுதியில், தேசிய சூரிய இயக்கத்தின் முதல் ஏலத்தில் ஒரு யூனிட் சூரிய மின்சாரம் சராசரி 12 ரூபாய்க்குப் போயிற்று. 2017-இல் ராஜஸ்தானத்துப் பாட்லாவில் 2 ரூபாய் 44 காசுக்கும், 2020-இன் கடைசியில் 2 ரூபாய்க்கும் கேட்கப்பட்டது.

இப்போது ஐந்து குதிரைத்திறன் பம்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஏறத்தாழ 4.8 கிலோவாட் தகடு வேண்டும். கம்பம், கட்டுப்பாட்டுப் பெட்டி, மோட்டார் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். எட்டு சதவிகித வட்டியும் இருபது ஆண்டு ஆயுளும் கொண்டால், முதலும் வட்டியுமாக ஆண்டுக்கு 30,500 ரூபாய். துடைப்பு, பழுது, இடையில் மாற்ற வேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவற்றுக்கு 4,500 சேர்த்தால் 35,000. நாளொன்றுக்குச் சற்றேறக்குறைய 19 யூனிட் என்ற கணக்கில், ஆண்டு முழுவதும் ஒரு நாள் விடாமல் அந்த மின்சாரம் பயன்பட்டால், யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்தான். ஆனால் பயிர் ஆண்டு முழுவதும் நீர் கேட்பதில்லை. 120 நாள் மட்டும் ஓடினால் அதே யூனிட்டின் விலை பதினைந்து ரூபாய் ஆகிவிடுகிறது. அப்போதும், மோட்டாரின் இழப்பைக் கழித்த பின்னும், டீசலைவிடச் சூரியன் மலிவே. இந்தப் பம்பு ஒரு நாளில் செய்யும் வேலையைச் செய்ய எஞ்சினுக்கு ஆறு லிட்டருக்கு மேல் டீசல் வேண்டும். அதன் விலை சுமார் 560 ரூபாய். 35,000 ரூபாயை 560-ஆல் வகுத்தால் 62 வருகிறது. ஆக, எஞ்சினின் விலையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஆண்டில் இரண்டு மாதத்துக்கு மேல் நீர் இறைக்கும் விவசாயிக்குச் சூரியன் லாபம். அதற்குக் குறைவாக இறைப்பவருக்கு டீசலே, அத்தனை புகையோடும் இரைச்சலோடும், இன்னும் மலிவு.

இரண்டு மாதம் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு விவசாயிக்குச் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர், பீகாரில் 0.39 ஹெக்டேர், அதாவது ஓர் ஏக்கர் அளவே. நான் சொன்ன பம்பு, 20 மீட்டர் ஆழத்திலிருந்து, ஓர் ஏக்கர் கோதுமைக்கு ஒரு தண்ணீர் கட்ட இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். ஐந்து தண்ணீருக்குப் பத்து நாள். நெல்லுக்கும் காய்கறிக்கும் இன்னும் சில நாள் கூட்டினாலும் அவருடைய தகடு ஆண்டில் பெரும்பகுதி சும்மா நின்று வெயில் காயும். மத்திய அரசு முப்பது பங்கும் மாநில அரசு முப்பது பங்கும் மானியமாகக் கொடுத்து, விவசாயி நாற்பது பங்கு மட்டும் செலுத்தும் ஏற்பாட்டில், அவருடைய வரையறை அறுபது நாளிலிருந்து முப்பது நாளாக இறங்குகிறது. அப்போதும் அந்த ஓர் ஏக்கர்க்காரர் அதை எட்டுவது கடினம். அதுமட்டுமன்று, அவருடைய எல்லை குறைந்ததே ஒழிய, நாட்டின் செலவு குறையவில்லை. மானியம் கணக்கேட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாறும் பணம். அது தகட்டை மலிவாக்குவதில்லை.

ஏழைக்குச் சூரிய பம்பு கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். அவருக்குத்தான் அது மிகவும் வேண்டும். அவர் தனியாக வைத்துக்கொள்ளும்போதுதான் கணக்குத் தப்புகிறது. பீகாரின் சமஸ்திபூர் மாவட்டத்தில் சகாஜி என்றொரு கிராமம் இருக்கிறது. வட பீகாரத்தில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருந்தும், மின்கம்பி வயலுக்கு வராத காரணத்தால் விவசாயிகள் நெடுங்காலம் வாடகை எஞ்சினை நம்பியே வாழ்ந்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. கைப்பிடியைச் சுழற்றி எஞ்சின் உயிர்பெற்ற நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். மண் வாய்க்கால் நெடுகிலும் கசிந்து, கடைசி வயலுக்கு நீர் போய்ச் சேருவதற்குள் பாதி வாடகை மண்ணுக்குள் இறங்கிவிடும். இப்படி விலை கொடுப்பவர் பயிர் வாடுவதைக் கண்டும் ஒரு தண்ணீரைக் குறைத்துக்கொள்வார், விளைச்சல் குறையும், காலடியில் நீர் இருந்தும் வறுமை தீராது. அந்தக் கிராமத்தில், சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனமும் டாடா அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வுத்திட்டத்தின் வழியாக, உள்ளூர் இளைஞர் சிலருக்கு ஐந்து குதிரைத்திறன் சூரிய பம்புகளும், வயல்களுக்கு அடியில் புதைத்த குழாய்களும் கிடைத்தன. அவர்கள் தம் நிலத்துக்கு மட்டும் இறைக்காமல் அக்கம்பக்கத்தாருக்கு நீரை விற்றார்கள். ஒருவர் அல்லாமல் பலர் விற்கவே போட்டியில் நீரின் விலை இறங்கியது. குழாய் புதைத்ததால் கசிவும் நின்றது. தகடு ஓடும் நாள் பெருகியது, அதனால் யூனிட்டின் அடக்க விலை குறைந்தது, அந்தக் குறைவு நிலமற்ற குத்தகைக்காரர் வரையில் போய்ச் சேர்ந்தது. நீர் செழித்த கீழை மாநிலங்களுக்கு இதைக் காட்டிலும் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மேற்கிலும் வடக்கிலும் தெற்கிலும் நிலைமை வேறு. அங்கே சூரியனுக்கு எதிரே நிற்பது டீசல் அன்று; கம்பியில் வரும் மின்சாரம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியதிலிருந்து கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிணறுகளில் கவலை ஏற்றம் மறைந்து மோட்டார் வந்தது. அந்நகரமே பம்பு செட்டுத் தொழிலுக்குத் தலைநகராயிற்று. எழுபதுகளில், மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளைக் கொண்டு கோவையின் வீதிகளை அடைத்ததையும், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதையும் இவ்வவையில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். எண்பதுகளின் நடுவில் சிறு விவசாயிகளுக்கும், 1990-ஐ ஒட்டி எல்லா விவசாயிகளுக்கும் தமிழ்நாட்டில் மின்சாரம் இலவசமாயிற்று. பஞ்சாபில் 1997-இல் அதே ஏற்பாடு வந்தது. அந்தப் போராட்டத்தின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆழத்துக்கு ஆழம் துளையிட்டுக் கடன்பட்டவனுக்கு அந்தச் சலுகை உயிர்நாடியாக இருந்தது. எனினும் விவசாயிக்கு இலவசமான அந்த யூனிட்டை வயல் வரை கொண்டு சேர்க்க மின்வாரியத்துக்கு ஏழு ரூபாய் அளவில் ஆகிறது. ஆண்டுக்கு 5,000 யூனிட் எடுக்கும் ஒரு பம்புக்கு 35,000 ரூபாய் என்பது, நான் மேலே சொன்ன சூரிய பம்பின் முழு ஆண்டுச் செலவுக்குச் சமம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே இலவச மின்சாரத்தை நிறுத்தி, எல்லோருக்கும் தகடு கொடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். கொடுக்கலாம், ஆனால் தனித்து நிற்கும் சூரிய பம்பு நிலத்தடி நீரைப் பொறுத்தவரை இலவச மின்சாரத்தின் தம்பியே ஆகும். ஒரு முறை பொருத்திவிட்டால் அடுத்த ஒவ்வொரு குடம் நீரும் அவருக்குச் செலவில்லாதது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியா ஓராண்டில் 241 பில்லியன் கன மீட்டர் நீரை நிலத்தின் அடியிலிருந்து எடுக்கிறது. பாசனத்துக்குப் போவது அதில் மிகப் பெரும் பங்கு. அதே மதிப்பீட்டில், பஞ்சாபில் ஆண்டுதோறும் எடுக்கத்தக்க அளவில் நூற்றுக்கு 160-க்கு மேல் எடுக்கப்பட்டது. ஹரியானாவிலும் ராஜஸ்தானத்திலும் அது நூறை எப்போதோ கடந்துவிட்டது. தில்லி நூறின் விளிம்பில் நின்றது. இப்படிப்பட்ட பிரதேசத்தில், காலை முதல் மாலை வரை கேட்பாரின்றி இறைக்கும் கருவி ஒன்றை மானியம் கொடுத்து நிறுத்துவது, நாளைய தலைமுறையின் கிணற்றில் இன்றே கைவைப்பதாகும். வெயில் மறைந்ததும் பம்பு நின்றுவிடும், ஆகவே அளவுக்கு மேல் இறைக்க இயலாது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் ஆறு ஏழு மணி நேரம் தடையில்லாத மின்சாரம் என்பது, பல மாநிலங்களில் விவசாயி இன்று பெறும் மும்முனை மின்சாரத்துக்குக் குறைந்ததன்று.

இதற்கு ஒரு விடையைக் குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி என்னும் கிராமம் 2016-இல் காட்டியது. ஆறு விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அவர்களுடைய தகடுகளின் மொத்தத் திறன் 56 கிலோவாட்டுக்குச் சற்று மேல். அவற்றை மின்கம்பியோடு இணைத்து, பாசனத்துக்கு வேண்டியது போக எஞ்சிய மின்சாரத்தை அப்பகுதியின் மின் விநியோக நிறுவனத்துக்கு யூனிட் 4 ரூபாய் 63 காசு விலையில் விற்கும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதற்கு ஈடாகச் சலுகை விலை மின்சாரம் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். இந்த யோசனைக்குப் பின்னால் நின்றவர் நீர்ப் பொருளாதார அறிஞர் துஷார் ஷா. இதில் என்னைக் கவர்ந்தது விற்பனையின் வருமானம் மட்டுமன்று. கம்பி இணைப்பு வந்த அன்றே அந்த விவசாயியின் மனக்கணக்கு மாறிவிடுகிறது: ஒரு மணி நேரம் வீணாக நீர் இறைத்தால், அந்த மணிக்குரிய மின்சாரத்தின் விலையை அவர் இழக்கிறார். நீருக்கு எவரும் வரி விதிக்காமலேயே நீருக்கு ஒரு விலை பிறந்துவிடுகிறது. தகடும் ஆண்டு முழுவதும் உழைக்கிறது. சும்மா நிற்கும் எருதை வண்டியில் பூட்டிய முன்னோரின் விவேகம் இதுவே. குஜராத் அரசு 2018-இல் சூர்யசக்தி கிசான் யோஜனா என்ற பெயரில் இதைப் பெரிதாக்க முனைந்தது.

தில்லி அரசும் அதே 2018-ஆம் ஆண்டு ஜூலையில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நஜஃப்கட் போன்ற புறநகர் வயல்களில், டிராக்டர் அடியில் போகும்படி மூன்றரை மீட்டர் உயரத்தில் தகடுகளை நிறுத்தி, கீழே பயிரும் மேலே மின்சாரமும் விளைவித்து, நிலத்துக்கு ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வாடகை கொடுப்பது அதன் கருத்து. நீர் இறைக்கும் பொருட்டு விவசாயியைக் கடனாளியாக்காமல், வெயில் விழும் நிலத்துக்கே குத்தகை கொடுக்கும் இந்த யோசனையை நான் மதிக்கிறேன். ஆயினும் இப்பிரதேசத்தின் பருவத்தையும் நோக்க வேண்டும். கோதுமை விதைத்த இருபத்தோராம் நாள் வாக்கில் கட்ட வேண்டிய முதல் தண்ணீரே அப்பயிரின் விளைச்சலைத் தீர்மானிப்பது. அந்த நாள் பெரும்பாலும் டிசம்பரில் வருகிறது. அப்போதுதான் பனியும் புகையும் கூடித் தில்லியின் வானத்தை மூடிக்கொள்கின்றன. தகட்டை மட்டும் நம்பிய வயல் அன்றைக்குக் காத்திருக்க நேரும். கம்பியோடு இணைந்த வயலுக்கு அந்தக் கவலை இல்லை. கோடையில் கொடுத்ததை மார்கழியில் வாங்கிக்கொள்ளலாம்.

2019 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஏற்ற பி.எம். குசும் திட்டம் இவ்வளவையும் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கிறது. தரிசு நிலத்தில் இரண்டு மெகாவாட் வரையிலான சிறு நிலையங்கள், மின்கம்பி எட்டாத இடத்துக்கு ஏழரைக் குதிரைத்திறன் வரையிலான தனிப் பம்புகள், ஏற்கெனவே மின்சாரத்தில் ஓடும் பம்புகளைச் சூரியனுக்கு மாற்றுதல் என்று அதற்கு மூன்று அங்கங்கள். 2020 டிசம்பரில் இதன் மூன்றாம் அங்கத்தில் ஓர் உபாயம் சேர்ந்தது: ஒவ்வொரு பம்பிலும் கைவைக்காமல், விவசாயப் பம்புகளுக்கென்று தனியே போகும் மின்பாதையின் தலைப்பில் ஒரு சூரிய நிலையத்தை நிறுவிவிடுவது. குஜராத் 2003 முதல் ஜோதிகிராம் திட்டத்தில் கிராம வீட்டுப் பாதையையும் விவசாயப் பாதையையும் பிரித்துவைத்த தொலைநோக்கு இங்கே பயன்படுகிறது. மகாராஷ்டிரம் 2017 முதல் இவ்வழியில் பெரிதாகச் செல்கிறது. இவ்வாறு வரும் மின்சாரம் மூன்று ரூபாய் அளவில் கிடைக்கிறது. ஏழு ரூபாய்ச் செலவுக்கு எதிரே மாநிலக் கருவூலத்துக்கு இது பெரிய விடுதலை. விவசாயிக்குக் கிடைப்பதோ பகல் நேரத்து மின்சாரம். தை மாதத்து வடநாட்டுக் குளிரில் நள்ளிரவு இரண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வரும் என்று காத்திருந்து, முழங்கால் அளவு நீரில் நின்று, கைவிளக்கோடு மடை மாற்றிய ஒருவருக்கு, பகலில் நீர் பாய்ச்சுவதன் அருமையை எந்த எண்ணாலும் சொல்ல முடியாது. பாம்புக் கடிக்கும் குளிருக்கும் பலியானவர்கள் எந்தப் பொருளாதார அட்டவணையிலும் இடம் பெறுவதில்லை. என் கணக்கில் அவர்களுக்கு முதல் இடம் உண்டு.

இத்திட்டத்தின் குறை, மூன்று அங்கங்களும் இருந்தும் முதலில் வேகமாக வளர்ந்தது தனிப் பம்பே என்பதுதான். காரணம் எளிது: தனிப் பம்பைக் கணக்கெடுக்கலாம், படம் பிடிக்கலாம், விழா நடத்தித் திறக்கலாம். மின்பாதையைச் சூரியமயமாக்குவதற்கோ மின்வாரியம், நிலம், கடன், ஒப்பந்தம் என்று பலரும் உடன்பட்டாக வேண்டும். தனிப் பம்பிலும் கூட, நீர் இறைக்காத நாளில் அதே தகட்டைக் கொண்டு தீவனம் வெட்டவும், மாவு அரைக்கவும், சிறு குளிரறை நடத்தவும் வழிசெய்யும் பொதுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை அமைச்சகம் அனுமதித்திருக்கிறது. சற்றுக் கூடுதல் விலைதான். அந்தப் பெட்டி விதிவிலக்காக இல்லாமல் விதியாக வேண்டும்.

ஆகவே என் முடிவைத் தயக்கமின்றிச் சொல்கிறேன். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் போன்ற, நீர் மேலே நிற்கும், டீசல் புகையும் நிலங்களுக்குத் தனிப் பம்புகள் தாராளமாகப் போகட்டும். ஆனால் தனி மனிதருக்கு ஒன்றாக அல்லாமல், நீர் விற்கும் இளைஞருக்கும் குழுவுக்கும் குழாயோடு சேர்த்துக் கொடுக்கப்படட்டும். தமிழ்நாட்டிலும் பஞ்சாபிலும் ஹரியானாவிலும், நிலத்தடி நீர் வற்றிய எந்த வட்டாரத்திலும், கம்பி இணைப்பும் மீட்டரும் இல்லாத தகட்டுக்கு ஒரு ரூபாய் மானியமும் தரக் கூடாது. அங்கே பணம் மின்பாதைகளுக்கும், மிச்ச மின்சாரத்துக்கு நியாய விலை கொடுப்பதற்கும் போக வேண்டும். விற்ற மின்சாரத்துக்குரிய தொகை விவசாயியின் வங்கிக் கணக்கில் மாதம் தவறாமல் சேரவேண்டும். இரண்டு மாதம் தாமதித்தால் அவர் மீண்டும் தண்ணீரையே இறைப்பார், அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இராது.

இவ்வவையில் மத்திய அமைச்சகங்களில் பணிபுரியும் தமிழர் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். சூரிய பம்புகளைப் பற்றிய அடுத்த கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, எத்தனை பம்புகள் நிறுவப்பட்டன என்ற பத்திக்குப் பக்கத்தில், அவை ஒவ்வொன்றும் ஆண்டில் எத்தனை நாள் ஓடின என்று எழுத ஒரு பத்தியைச் சேர்த்துவிடுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.